மிட்காரைக் கடக்க 35 மணி நேரம்: ஃபைனல் ஃபேண்டஸி 7-உம் அதன் ரீமேக்கும்

1997 ஜனவரி 31 அன்று ஜப்பானில் வெளியான ஃபைனல் ஃபேண்டஸி 7 என்ற வீடியோ விளையாட்டில், கதை தொடங்கும் மிட்கார் நகரத்தை விட்டு வெளியேற ஐந்தாறு மணி நேரம் போதும். அதற்கப்புறம்தான் உலக வரைபடமே திறக்கும். 2020 ஏப்ரல் 10 அன்று வெளியான ரீமேக்கில் அதே மிட்காரைக் கடக்க 35 மணி நேரம் பிடிக்கிறது. கடந்து முடித்ததும் விளையாட்டே முடிந்துவிடுகிறது. மீதிக் கதைக்கு இன்னும் இரண்டு பாகங்கள், தனித்தனி விலையில்.

ரீமேக்கின் கதையில் புதிதாக நுழைந்த சங்கதிகளைப் பற்றி ரசிகர்களுக்குள் நடந்த சண்டை கொஞ்சநஞ்சமல்ல. கதாசிரியர்கள் அதிகப்பிரசங்கித்தனம் செய்துவிட்டார்கள் என்பது ஒரு கட்சி; துணிந்து செய்தார்கள் என்பது எதிர்க்கட்சி. எனக்கென்னவோ இரண்டு கட்சியுமே தயாரிப்புக் கணக்கைப் பார்க்க மறந்துவிட்டதாகத்தான் படுகிறது. ஒரு தெருவை எவ்வளவு நுணுக்கமாக வரைவது என்று எடுத்த முடிவு, படிப்படியாக நகர்ந்து, யார் சாகிறார்கள், யார் குற்றவாளி என்பதுவரை போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் படிகளைத்தான் இங்கே பார்க்கப் போகிறேன். இரண்டு விளையாட்டுகளின் ரகசியங்களும் உடைபடும். இனிமேல்தான் விளையாடப் போகிறேன் என்பவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள்.

சிடிக்காகக் கட்சி மாறியவர்கள்

1987 முதல் 1994 வரை வந்த முதல் ஆறு ஃபைனல் ஃபேண்டஸிகளையும் ஸ்கொயர் நிறுவனம் நிண்டெண்டோவின் கன்சோல்களுக்குத்தான் செய்தது. ஏழாவதும் அங்கேதான் போயிருக்கும். ஆனால் 1995இல் ஆறாம் பாகத்தின் பாத்திரங்களை முப்பரிமாணத்தில் சண்டை போடவிட்டு ஒரு மாதிரி செய்து, சிக்ராஃப் என்ற கணினி வரைகலைக் கண்காட்சியில் காட்டினார்கள். பார்த்தபிறகு ஆசை அடங்குமா? அந்த ஆசைக்கு இடம் வேண்டும். நிண்டெண்டோ 64 என்ற புதிய கன்சோல், சில்லு பொதித்த கேட்ரிட்ஜை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. அதன் கேட்ரிட்ஜ்கள் கடைசிவரை 64 மெகாபைட்டைத் தாண்டவில்லை. சோனியின் பிளேஸ்டேஷனோ சிடியில் ஓடியது. ஒரு சிடியில் அதைப்போல் பத்து மடங்கு பிடிக்கும், அச்சடிக்கவும் மலிவு. 1996 தொடக்கத்தில் ஸ்கொயர் சோனி பக்கம் போவதாக அறிவித்தது. விளையாட்டு மூன்று சிடிகளில் வந்தது. அவற்றில் இடத்தை அடைத்துக்கொண்டது பெரும்பாலும் வீடியோக் காட்சிகள்.

தயாரிப்பாளர் ஹிரோனோபு சகாகுச்சி. இயக்குநர் யோஷினோரி கிதாசே. கதையைக் கிதாசேவும் கசுஷிகே நொஜிமாவும் சேர்ந்து எழுதினார்கள். பாத்திரங்களை வரைந்தவர் தெட்சுயா நொமுரா, இசை நொபுவோ உயெமாட்சு. இவர்களில் சகாகுச்சியைத் தவிர மற்ற எல்லோரும் ரீமேக்கிலும் ஏதோ ஒரு பொறுப்பில் இருக்கிறார்கள் என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தப் படைப்பை இருபத்துச் சொச்சம் ஆண்டு கழித்துத் தாங்களே திருத்தி எழுதும் வாய்ப்பு இந்தத் தொழிலில் அபூர்வம்.

கதை இதுதான். ஷின்ரா என்ற மின்சாரக் கம்பெனி பூமியின் உயிர்ச்சத்தை மாக்கோ என்ற பெயரில் உறிஞ்சி எடுத்து விற்கிறது. மிட்கார் அந்தக் கம்பெனியின் நகரம்: மேலே இரும்புத் தட்டில் வசதியானவர்கள், தட்டுக்கு அடியில் வெயில் படாத சேரிகள். பாரெட் என்பவன் தலைமையில் அவலாஞ்ச் என்ற சிறு கும்பல் மாக்கோ உலைகளுக்குக் குண்டு வைக்கிறது. கூலிக்கு வந்து சேர்ந்த முன்னாள் படைவீரன் க்ளவுட்தான் நாம். கம்பெனியை எதிர்த்துக் கிளம்பும் கதை போகப்போக செஃபிரோத் என்ற ஒரு மனிதனைத் தேடிப் போகும் கதையாகிவிடும்.

இதை அவர்கள் படமாக்கிய விதத்துக்கு வருவோம். பிளேஸ்டேஷனின் முதன்மை நினைவகம் 2 மெகாபைட். அதற்குள் ஒரு நகரத்தை முப்பரிமாணத்தில் கட்ட வழியில்லை. அதனால் ஒவ்வொரு இடத்தையும் முன்கூட்டியே கணினியில் வரைந்த ஒரே ஒரு அசையாப் படமாக வைத்து, அதன்மேல் பாலிகன் என்ற பலகோணத் துண்டுகளால் ஆன முப்பரிமாணப் பொம்மைகளை நடக்கவிட்டார்கள். தெருவில் நடக்கும் க்ளவுட்டின் கைகள் விரலில்லாத கட்டைகள். சண்டை தொடங்கியதும் அதே க்ளவுட் உயரமாகி, கைகால் அளவெல்லாம் சரியாகி நிற்பான். வீடியோக் காட்சி வந்தால் இன்னொரு முகம். ஒரே ஆளுக்கு மூன்று உருவம், ஆனாலும் யாரும் குழம்பவில்லை. பொம்மலாட்டத்தில் நூல் கண்ணுக்குத் தெரிந்துகொண்டே இருந்தும் கதை ஓடுகிறதல்லவா, அந்த மாதிரி.

ஆரம்பக் காட்சி ஒன்றே போதும். நட்சத்திரங்கள். பச்சை ஒளியில் ஒரு பெண்ணின் முகம். பூக்கூடையோடு அவள் சந்திலிருந்து தெருவுக்கு வருகிறாள். கேமரா பின்வாங்கி, எழும்பி, மிட்கார் முழுவதையும் ஒரே பார்வையில் காட்டுகிறது. மறுபடி இறங்கி, நிலையத்துக்குள் நுழையும் ரயிலில் வந்து நிற்கிறது. கூரையிலிருந்து க்ளவுட் குதிக்கிறான். வீடியோ முடிந்து விளையாட்டு தொடங்கும் ஒட்டு தெரியாது. நகரத்தின் முழு அளவையும் அந்த ஒரு நிமிடத்தில் மனதில் பதித்துவிடுவதால், அதன்பிறகு நான்கு கூரையும் ஒரு தூணும் காட்டினாலே போதுமானதாக இருந்தது. ஏழாம் செக்டார் சேரியில் ஒரு மதுக்கடை, ஒரு ஆயுதக்கடை, இன்னும் இரண்டு வீடு. இங்கே ஆயிரக்கணக்கானோர் வாழ்கிறார்கள் என்று சொன்னார்கள். நம்பினோம்.

காத்திருப்பு

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். விளையாட்டு ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்றது. ஸ்கொயரும் எனிக்ஸும் 2003இல் இணைந்தபிறகு, ஏழாம் பாகத்தைச் சுற்றி ஒரு கைபேசி விளையாட்டு, ஒரு அனிமேஷன் படம், பிளேஸ்டேஷன் 2-க்கு (பிஎஸ்2) ஒன்று, கையடக்க பிஎஸ்பி-க்கு ஒன்று என்று கிளைக்கதைகள் வந்துகொண்டே இருந்தன. 2005 ஈ3 விளையாட்டுக் கண்காட்சியில், பிஎஸ்3-இன் திறனைக் காட்ட அந்த ஆரம்பக் காட்சியைப் புதிதாக வரைந்து ஓட்டினார்கள். வெறும் மாதிரிதான் என்றார்கள், யார் கேட்டது? அன்றிலிருந்து பத்தாண்டுகள் ரசிகர்கள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். 2014 டிசம்பரில் ஸ்கொயர் எனிக்ஸ் மேடையேறி, பழைய விளையாட்டின் பிசி வடிவம் பிஎஸ்4-க்கு வருகிறது என்று மட்டும் சொல்லிவிட்டு இறங்கியது உலகப்புகழ் பெற்ற ஏமாற்றம். ஆறு மாதம் கழித்து, 2015 ஜூனில், ரீமேக் உறுதி என்ற அறிவிப்பு.

இயக்குநர் யார் என்பதில் ஒரு வேடிக்கை உண்டு. கிதாசேதான் இயக்குவார் என்று நொமுரா நினைத்துக்கொண்டிருந்தாராம். நிறுவனத்துக்குள் காட்டிய ஒரு வீடியோவில் இயக்குநர் என்று தன் பெயர் ஓடியதைப் பார்த்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். கிதாசே தயாரிப்பாளராகப் போனார்.

வெட்டிய இடம்

2015 டிசம்பரிலேயே, இது ஒரே விளையாட்டாக வராது, பல பாகங்களாக வரும் என்று சொல்லிவிட்டார்கள். எல்லாம் தொடங்கியது இங்கேதான்.

அசலின் மொத்த நீளம் சுமார் 40 மணி நேரம். அதற்குள் நகரம், கிராமம், பாலைவனம், பனிமலை, கடலடி, விண்வெளி வரை எல்லாம் வந்துபோகும். ஒரு ஊருக்கு மூன்று நான்கு அசையாப் படங்கள் என்றால் இது சாத்தியம். அன்ரியல் என்ஜின் 4 என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில், எந்தக் கோணத்திலும் திருப்பிப் பார்க்கக்கூடிய தெருக்களோடு, வாயசைத்துப் பேசும் மனிதர்களோடு கட்டுவதென்றால் ஒவ்வொரு ஊரும் தனி வேலை. 1997இல் ஒரு சேரிக் குடிசையை வரைய ஒரு ஓவியர் போதும். 2020இல் அதே குடிசைக்கு உட்புறம் வேண்டும், விளக்கு வேண்டும், வாசலில் நிற்கும் கிழவிக்கு முகமும் குரலும் வேண்டும். இவ்வளவு செலவழித்துக் கட்டிய தெருவை ஐந்து நிமிடத்தில் கடந்துபோக எந்தத் தயாரிப்பாளர் விடுவார்? கட்டினால் அங்கே வேலை கொடுத்தாக வேண்டும். வேலை கொடுத்தால் நேரம் நீளும். நேரம் நீண்டால் கதையை வெட்டியாக வேண்டும்.

வேறு வழி இருக்கவே இல்லையா என்றால், இருந்தது. அதே ஸ்கொயர் எனிக்ஸ், அதே 2020 ஏப்ரலில், 24ஆம் தேதி, ட்ரையல்ஸ் ஆஃப் மனாவின் ரீமேக்கையும் வெளியிட்டது. 1995இல் வந்த இருபரிமாண விளையாட்டை, கதையிலும் வரிசையிலும் பெரிதாகக் கைவைக்காமல், எளிய முப்பரிமாணத்தில் ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தார்கள். பாத்திரங்கள் பொம்மை மாதிரிதான் இருந்தார்கள். யாரும் குறை சொல்லவில்லை. ஏழாம் பாகத்துக்கு அந்தச் சலுகை கிடைத்திருக்காது. 2005இல் காட்டிய மாதிரியும் அதே ஆண்டு வந்த அனிமேஷன் படமும், க்ளவுட்டின் ஒவ்வொரு மயிரிழையும் அசைய வேண்டும் என்ற எதிர்பார்ப்பை ஏற்கெனவே கிளப்பிவிட்டிருந்தன.

முதலில் சைபர்கனெக்ட்2 என்ற வெளி நிறுவனம் வேலையில் ஒரு பகுதியைச் செய்தது. 2017இல் வேலையை முழுக்க உள்ளுக்கே கொண்டுவந்தார்கள். விளையாட்டு முறைக்கு நவோகி ஹமாகுச்சி, கதைக் காட்சிகளுக்கு மொதோமு தோரியாமா என்று இரண்டு இணை இயக்குநர்கள். தோரியாமா 1997இல் அசலில் காட்சிகளை அமைத்த இளைஞர்களில் ஒருவர்.

வெட்டிய இடம் மிட்காரின் வாசல். பார்த்த மாத்திரத்தில் அதுதான் இயல்பான இடம். ஆனால் அசலில் மிட்கார் ஒரு முன்னுரை மட்டுமே. நகரத்தை விட்டு வெளியே வந்து, பச்சைப் பரப்பில் க்ளவுட் ஒரு புள்ளியாக நிற்கும்போதுதான், இதுவரை ஆடியதெல்லாம் ஒரு மூலை மட்டும்தான் என்று உறைக்கும். அந்தத் திகைப்பை ரீமேக் கொடுக்கவே முடியாது. கதவு திறந்ததும் பெயர்ப்பட்டியல் ஓடிவிடுகிறது.

கதவு, சந்து, படிக்கட்டு

ஊதிப்பெருக்கிய இடங்களை அருகில் போய்ப் பார்த்தால் வேலையின் தையல் தெரியும். ஏழாம் செக்டாரில் க்ளவுட்டுக்கு ஒரு வாடகை அறை கிடைக்கிறது. பிஎஸ்4 வடிவத்தில் அந்தக் குடியிருப்பின் கதவு தனிப் புகழ் பெற்றது. க்ளவுட்டின் வாளில் இருக்கும் கீறல்கள்கூடத் துல்லியமாகத் தெரியும். அவன் திறக்கப்போகும் கதவோ குழைந்த சேறு மாதிரி இருக்கும். அதன் படத்தை வைத்து இணையம் மாதக்கணக்கில் சிரித்தது. 2021 ஜூனில் வந்த பிஎஸ்5 வடிவத்தில்தான் அதைச் சரிசெய்தார்கள். ஒரு கதவுக்கே இந்தப் பாடு என்றால் உலகம் முழுவதையும் ஒரே வட்டில் எதிர்பார்ப்பது எவ்வளவு பேராசை என்று புரியும்.

அப்புறம் அந்த இடுக்குச் சந்துகள். இரண்டு சுவருக்கு நடுவே பக்கவாட்டில் நெளிந்து நெளிந்து போக வேண்டும். நாம் குச்சியை முன்னால் தள்ளிக்கொண்டே இருக்கலாம், வேறொன்றும் செய்ய முடியாது. அடுத்த பகுதியை எந்திரம் ஏற்றி முடிக்கும்வரை நம்மைப் பிடித்து வைக்கும் ஏற்பாடு அது. அசலில் திரை ஒரு கணம் கறுத்து அடுத்த ஓவியம் வந்துவிடும். சாக்கடைக்குள் ஒருமுறை போனது போதாதென்று இரண்டாம் முறையும் அனுப்புகிறார்கள். இடிந்த நெடுஞ்சாலையில் எந்திரக் கையை இயக்கிப் பெட்டிகளை நகர்த்தச் சொல்கிறார்கள். தொலைந்த பூனைகளைத் தேடச் சொல்கிறார்கள். 18 அத்தியாயங்களில் மூன்று நான்கைத் தயக்கமில்லாமல் கழித்துவிடலாம்.

நீட்டியது நன்றாக அமைந்த இடங்களும் இல்லாமல் இல்லை. ஷின்ரா தலைமையகத்தில் லிஃப்டைத் தவிர்த்து 59ஆம் மாடிவரை படியேறிப் போகலாம் என்ற விருப்பம் அசலிலேயே உண்டு. ஏற ஏற முடியாது, கூட வருபவர்கள் புலம்புவார்கள், அந்த இழுவையே நகைச்சுவை. ரீமேக் அதை அப்படியே வைத்து, மூச்சு வாங்குவதையும் முனகலையும் குரலில் சேர்த்திருக்கிறது. இழுத்தடிப்பையே நகைச்சுவையாக்கிய காட்சி என்பதால் நீளம் இங்கே உறுத்தவில்லை.

ஜெஸ்ஸி இன்னொரு உதாரணம். அவலாஞ்ச் கும்பலில் குண்டு செய்பவள் அவள். அசலில் அவளுக்குக் கிடைத்தது சில வசனப் பெட்டிகள்தான். ரீமேக்கில் தட்டின்மேல் இருக்கும் அவள் பெற்றோர் வீட்டுக்கே நம்மைக் கூட்டிப்போகிறாள். அம்மா கூடத்தில் உபசரித்துக்கொண்டிருக்க, அப்பா உள்ளறையில் மாக்கோ நஞ்சேறி நினைவின்றிக் கிடக்கிறார். ஷின்ராவில் உழைத்து உடம்பு போனவர். இவள் ஏன் குண்டு செய்கிறாள் என்பதற்கு அந்தப் படுக்கைக்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

சண்டை முறை

ரீமேக்கில் ஒளிவுமறைவில்லாமல் பாராட்ட வேண்டிய பகுதி இது. அசலின் சண்டை ஏடிபி என்ற முறையில் நடக்கும். 1991இல் நான்காம் பாகத்துக்காக ஹிரோயுகி இத்தோ உருவாக்கியது: ஒவ்வொருவருக்கும் ஒரு அளவுகோல் தானாக நிரம்பும், நிரம்பியதும் தாக்கு, மந்திரம், பொருள் என்று கட்டளை கொடுக்கலாம். இன்று அதை அப்படியே வைத்தால் வரிசையில் நின்று அடிவாங்கும் காட்சி சிரிப்பை வரவழைக்கும். முழுக்க ஆக்‌ஷனாக்கினாலோ கட்டளை யோசிக்கும் சுகம் போய்விடும்.

மான்ஸ்டர் ஹன்டர் வேர்ல்டில் வேலை செய்துவிட்டு வந்த தெருகி எண்டோ சண்டை இயக்குநர். அவருடைய குழு கண்டுபிடித்த வழி, அளவுகோலை வைத்துக்கொண்டு அது நிரம்பும் வழியை மாற்றுவது. பொத்தானைத் தட்டித் தட்டி வாள் வீசினால் அளவுகோல் வேகமாக நிரம்பும். மந்திரத்துக்கும், சிறப்பு அடிக்கும், மருந்துக்கும்கூட அதிலிருந்து ஒரு கட்டத்தைச் செலவழிக்க வேண்டும். கட்டளைப் பட்டியலைத் திறந்தால் காலம் ஆமை வேகத்துக்கு வந்துவிடும். தொங்கும் வாளுக்கு அடியில் நின்றபடி நிதானமாக யோசிக்கலாம். நாம் இயக்காத ஆட்களின் அளவுகோல் மெதுவாகவே நிரம்புவதால், க்ளவுட்டிலிருந்து பாரெட்டுக்கு, அங்கிருந்து இன்னொரு கூட்டாளியான டிஃபாவுக்கு என்று தாவிக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா வெட்டிக்கொண்டே இருந்தால் இரண்டாவது பெரிய எதிரியிடமே செத்துப்போவோம்.

மாத்தேரியா உருண்டைகளை ஆயுதத்தின் குழிகளில் பதித்து மந்திரம் பெறும் முறை அப்படியே இருக்கிறது. சமநிலைக்காகச் சில இடங்களில் கத்தி வைத்திருக்கிறார்கள். அசலில் 'ஆல்' என்ற உருண்டையைக் குணமாக்கும் மந்திரத்தோடு இணைத்தால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உயிர் ஏறும். அதை எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். முழுதாக வளர்த்து விற்றால் ஒன்று 14 லட்சம் கில்லுக்குப் (விளையாட்டுக்குள் புழங்கும் பணம்) போகும். அந்தக் காலத்தில் பாதி பேர் பணக்காரர்களானது அப்படித்தான். ரீமேக்கில் அதே வேலையைச் செய்யும் உருண்டை விளையாட்டு முழுக்க ஒன்றே ஒன்றுதான். யார் கையில் அதைக் கொடுப்பது என்பதே ஒரு தீர்மானமாகிவிடுகிறது.

இசையிலும் இதே கவனம். அசலில் சண்டை வந்தால் தெருப் பாட்டு அறுந்து சண்டைப் பாட்டு தொடங்கும். ரீமேக்கில் உயெமாட்சுவின் அதே மெட்டு, எதிரி நெருங்கும்போது தாளம் கூடி, செத்து விழுந்ததும் தணிந்து தெருவுக்கே திரும்புகிறது.

பேய்கள் வந்த வழி

இனி சர்ச்சைக்குரிய இடம். அசலின் மிட்கார் பகுதியில் செஃபிரோத் முகம் காட்டுவதே இல்லை. ஷின்ரா கட்டடத்தில் சிறைப்பட்டிருக்கும் க்ளவுட் கண்விழித்துப் பார்த்தால் அறைக்கதவு திறந்து கிடக்கிறது. காவலாளி செத்துக் கிடக்கிறான். தரையில் ரத்தத் தடம். அது படியேறி மேலே போகிறது. எதிர்த்து நிற்க யாருமில்லை. தடத்தைப் பின்தொடர்ந்து 70ஆம் மாடிக்குப் போனால் கம்பெனித் தலைவர் மேசைமேல் கவிழ்ந்து கிடக்கிறார், முதுகில் நீண்ட வாள். அவ்வளவுதான் செஃபிரோத்தின் அறிமுகம். இந்தத் தொழிலில் ஒரு வில்லனை இவ்வளவு சிக்கனமாக அறிமுகம் செய்தவர்கள் குறைவு. பிறகு நெடுஞ்சாலையில் ஒரு மோட்டார்பைக் துரத்தல், ஒரு எந்திரத்தோடு சண்டை, நகரம் முடிந்தது.

முழு விலைக்கு விற்கும் 35 மணி நேர விளையாட்டை ஒரு எந்திரத்தோடு முடிக்க முடியுமா? முடியாது. இறுதிச்சண்டை வேண்டும், அதற்குப் பெரிய ஆள் வேண்டும். இருப்பது செஃபிரோத் ஒருவன்தான். ஆனால் கதைப்படி அவனை இப்போதே வெல்ல முடியாது, சந்திக்கவே கூடாது. இந்த முடிச்சை அவிழ்க்க வந்தவைதான் விஸ்பர்கள் என்பது என் வாதம். சாம்பல் அங்கி போர்த்திய ஆவிகள். விதி இப்படித்தான் போக வேண்டும் என்று ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. அதிலிருந்து யார் விலகினாலும் வந்து தடுப்பது இவற்றின் வேலை.

எப்படித் தடுக்கின்றன என்று பாருங்கள். இரண்டாவது உலையைத் தாக்கப் போகும்போது க்ளவுட்டைக் கழற்றிவிடுகிறார்கள். அசலில் அவன் போனானே? உடனே விஸ்பர்கள் கூட்டமாக வந்து ரகளை செய்து ஜெஸ்ஸியின் காலைக் காயப்படுத்துகின்றன. அவளுக்குப் பதில் க்ளவுட் போகிறான். 70ஆம் மாடியில் செஃபிரோத் பாரெட்டின் முதுகில் வாளைச் செருகுகிறான். அசலில் பாரெட் இங்கே சாகவில்லையே? விஸ்பர்கள் வந்து உயிர் கொடுத்துவிட்டுப் போகின்றன. அந்த மௌனமான ரத்தத் தடம் ஊதா நிறக் குழம்பாக மாறியிருக்கிறது. செஃபிரோத் இரண்டாம் அத்தியாயத்திலேயே எரியும் சந்தில் நின்று வசனம் பேசிவிடுகிறான்.

கடைசி அத்தியாயத்தில் நாம் இந்த விஸ்பர்களையே எதிர்த்து ஜெயிக்கிறோம். எழுதிவைத்த விதி உடைகிறது. செத்திருக்க வேண்டிய ஸாக் என்ற பழைய பாத்திரம் வேறெங்கோ உயிரோடு நடந்துவருகிறான். ஒரு வரி பிசகினாலும் கொடிபிடிக்கும் ரசிகர்களைத்தான் இந்த ஆவிகள் குறிக்கின்றன என்று பலரும் சொன்னார்கள். குறிக்கட்டும், அது கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் இந்தக் கெட்டிக்காரத்தனம் அசலைத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே எட்டும். புதிதாக வந்தவனுக்கு எந்த விதி, அதை ஏன் உடைக்க வேண்டும் என்று ஒன்றும் புரியாது. அவனுக்கு அது 30 மணி நேரம் கழித்து முளைத்த சம்பந்தமில்லாத ஒரு மாயாஜாலச் சண்டை.

விற்பனை இதையெல்லாம் பொருட்படுத்தவில்லை. பெருந்தொற்றால் கடைகள் மூடிக்கிடந்த நேரத்தில், மூன்று நாளில் 35 லட்சம் பிரதிகள் போயின. ஆகஸ்டுக்குள் 50 லட்சம்.

ஏரித்தின் மரணம், இரண்டு முறை

இரண்டாம் பாகமான ரீபர்த் 2024 பிப்ரவரி 29 அன்று பிஎஸ்5-க்கு வந்தது. பரந்த வெளிகள், சீட்டாட்டம், குதிரைபோல் ஏறிப்போகும் சோகோபோ பறவைகள், எண்ணித் தீராத சின்னச் சின்ன விளையாட்டுகள். முதல் பாகத்தின் இடுக்குச் சந்துகளுக்குப் பரிகாரம் என்று எடுத்துக்கொள்ளலாம். அது முடிகிற இடம், அசலின் முதல் சிடி முடிகிற அதே இடம்: பூக்காரி ஏரித்தை செஃபிரோத் கொல்லும் காட்சி.

அசலில் அது வலித்ததற்குக் காரணம் காட்சியின் நேர்த்தி மட்டுமல்ல. 20 மணி நேரம் அவளுக்கு லெவல் ஏற்றியிருப்போம், ஆயுதம் தேடிக் கொடுத்திருப்போம், சிறப்பு ஆற்றல்கள் பழக்கியிருப்போம். வேறெந்த விளையாட்டிலும் இந்த முதலீடு வீணாகாது. இங்கே வீணானது. அதன்பின் வரும் சண்டையில் வழக்கமான சண்டைப் பாட்டு ஒலிக்காது, அவளுடைய மெட்டுதான் ஒலித்துக்கொண்டிருக்கும். மந்திரமும் வாளும் அதன்மேல் நடக்கும். பிறகு க்ளவுட் அவளைத் தண்ணீரில் இறக்கிவிடுவான். அவளை உயிர்ப்பிக்க ஏதோ ரகசிய வழி இருக்கிறது என்ற புரளி ஆண்டுக்கணக்கில் உலவியது.

ரீபர்த்தில் க்ளவுட் அந்த வாளைத் தடுத்துவிடுகிறான். அடுத்த கணம் ரத்தம் தெரிகிறது. அப்புறம் தெரியவில்லை. படம் நடுங்கி இரண்டு நிலைக்கும் போய்ப் போய் வருகிறது. மற்றவர்கள் அழுகிறார்கள், க்ளவுட் கண்ணுக்கு மட்டும் அவள் பக்கத்தில் நின்று சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறாள். அவன் மனநிலையின் சிதைவு என்று பார்த்தால் இது பலமான யோசனை. ஆனால் விதியை உடைத்து, உலகங்களைப் பிரித்து, ஸாக்கை உயிர்ப்பித்த கதையில் யார் செத்தார் என்பதே விவாதப் பொருளாகிவிட்டது. துக்கப்பட வேண்டிய நேரத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன், எந்த உலகத்தில் எந்த ஏரித் என்று.

வெடித்தது யார் குண்டு

எனக்கு இதைவிடப் பெரிதாகப் படும் மாற்றம் விளையாட்டின் முதல் மணி நேரத்திலேயே இருக்கிறது. அதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. அசலில் நாம் ஒன்றாம் உலைக்குக் குண்டு வைக்கிறோம், பத்து நிமிடக் கெடு, ஓடி வெளியே வருகிறோம், உலை வெடிக்கிறது. செத்தவர்கள் எத்தனை என்று அப்போது யாரும் கேட்பதில்லை. விளையாடுகிறவனும் கேட்பதில்லை, முதல் கட்டத்தை முடித்த மகிழ்ச்சி அவனுக்கு. பிறகு ஷின்ரா ஏழாம் செக்டாரின் மேல்தட்டைச் சேரிமீது விழவைக்கும்போது, தட்டைத் தாங்கும் தூணில் உயிர்விடும் ஜெஸ்ஸி, நாம் பலரைக் கொன்றோமே அதற்குத் தண்டனையாக இருக்கும் என்கிறாள். நம் கையிலும் ரத்தம் இருக்கிறது என்று அப்போதுதான் தெரியும்.

ரீமேக்கில் கெடு 20 நிமிடமா 30 நிமிடமா என்று நாமே தேர்ந்தெடுக்கலாம். ஆனால் நாம் வைத்த குண்டு சின்னதாகத்தான் வெடிக்கிறது. மேலே அலுவலகத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் ஷின்ரா தலைவர் சம்மதிக்க, கம்பெனியே தன் உலையைத் தகர்க்கிறது, பழியைக் கும்பல்மேல் போட. நமக்கு அந்தக் காட்சி காட்டப்படுகிறது, ஜெஸ்ஸிக்கு இல்லை. தான் செய்த குண்டில்தான் ஏதோ கோளாறு என்று அவள் மருகுகிறாள். அதே சமயம் இரண்டாம் அத்தியாயம் முழுக்க இடிபாடுகளுக்கு நடுவே, அழும் குழந்தைகளையும் எரியும் கடைகளையும் தாண்டித்தான் க்ளவுட் நடக்கிறான். சேதத்தை அசலைவிடப் பத்து மடங்கு கூடுதலாகக் காட்டிவிட்டு, பொறுப்பை நம் தோளிலிருந்து இறக்கிவிட்டார்கள்.

இதற்கும் அந்த நுணுக்கம்தான் காரணம் என்று நினைக்கிறேன். கட்டைக்கை பொம்மைகள் ஒரு ஓவியத்தை வெடிக்க வைத்தால் யாருக்கும் உறுத்தாது. முகத்தில் தழும்பும் குரலில் நடுக்கமும் உள்ள மனிதர்கள், நாம் பூ வாங்கிய தெருவையே தகர்த்தால், அடுத்த 35 மணி நேரம் அவர்களோடு சேர்ந்து சிரிப்பது கஷ்டம். எழுதியவர்கள் அதை உணர்ந்துதான் ஒதுங்கியிருப்பார்கள்.

இதன் விலையை மூன்றாம் பாகம் கொடுக்க வேண்டியிருக்கும். அசலின் இரண்டாம் சிடியில் ஒரு காட்சி உண்டு. ஷின்ராவிலேயே வேலை செய்துகொண்டு, கேட் சித் என்ற பொம்மை வழியாக நம்மோடு திரியும் ரீவ், பாரெட்டைப் பார்த்து ஒன்றாம் உலை வெடித்தபோது எத்தனை பேர் செத்தார்கள் தெரியுமா என்று கேட்பான். பூமியைக் காப்பாற்றத்தானே செய்தோம், சில உயிர்கள் போகத்தான் செய்யும் என்பான் பாரெட். உனக்குச் சிலர், செத்தவர்களுக்கு அதுதானே எல்லாமும் என்று பதில் வரும். பாரெட்டிடம் மறுவார்த்தை இருக்காது. புதிய கதையில் அவனிடம் மறுவார்த்தை தயாராக இருக்கிறது: வெடிக்கவைத்தது உங்கள் கம்பெனி. ஹமாகுச்சியின் குழு இப்போது செய்துகொண்டிருக்கும் கடைசிப் பாகத்தில் அந்தக் காட்சியை வைத்தால் கேட் சித் வேறு கேள்விதான் கேட்க முடியும்.